தவணையில் வந்த ஒப்புதல்

2024 நவம்பர் 12ஆம் தேதி விடிந்தபோது விஸ்தாரா என்ற பெயர் இந்திய வானில் இல்லை. அந்த நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்து, யுகே என்று தொடங்கிய அதன் விமான எண்கள் ஏஐ ஆகியிருந்தன. பழைய எண்ணுக்கு முன்னால் ஒரு 2 ஒட்டிக்கொண்டது. யுகே 955 என்பது ஏஐ 2955 ஆயிற்று. பயணிகளின் பேச்சு சாப்பாட்டையும் இருக்கையையும் உபசரிப்பையும் சுற்றியே இருந்தது. காசு கொடுப்பவர் அதைத்தான் பேசுவார். திறனாய்வுக்கு உரிய பொருள் அதற்கும் பின்னால் இருக்கிறது: இந்த இணைப்பை அனுமதித்த தீர்மானங்கள். சந்தையின் எல்லையை அவை சரியாக வரைந்தனவா, விதித்த நிபந்தனை எதிர்பார்த்த தீங்குக்குப் பொருந்தியதா, காரணங்கள் வாசிக்கக் கிடைத்தனவா என்று கேட்டாக வேண்டும்.

ஒப்பிட நமக்கு ஒரு மோசமான முன்மாதிரி உண்டு. 2007இல் மூன்று இணைப்புகள் அடுத்தடுத்து நடந்தன. ஜெட் 1,450 கோடி ரூபாய்க்கு சஹாராவை வாங்கியது. கிங்ஃபிஷர் ஏர் டெக்கானுக்குள் நுழைந்தது. அரசு தன் இரு நிறுவனங்களான ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒன்றாக்கியது. போட்டிச் சட்டம் 2002லேயே இயற்றப்பட்டிருந்தாலும் இணைப்புகளைப் பரிசீலிக்கும் பிரிவுகள் 2011 ஜூன் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. ஆகவே மூன்றும் போட்டி நோக்கிலான எந்தச் சோதனையும் இல்லாமலே கடந்துபோயின. கிங்ஃபிஷர் 2012இலும் ஜெட் 2019இலும் தரையிறங்கி நின்றன. அரசு இணைப்பு மட்டும் வரி செலுத்துவோர் பணத்தில் மூச்சுவிட்டது. போயிங் 68, ஏர்பஸ் 43 என்று இரு நிறுவனங்களும் தனித்தனியே கொள்முதலை முடித்த பின் இணைத்தார்கள். இந்தக் கால முறைகேட்டை 2011ஆம் ஆண்டின் தலைமைத் தணிக்கையாளர் (சிஏஜி) அறிக்கை சுட்டிக்காட்டியது. ஒரே குறியீட்டில் பறக்கவே 2011 ஆகிவிட்டது. அந்த ஆண்டு சம்பளச் சமன்பாடு கேட்டு முன்னாள் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு, அவர்களுக்கு ட்ரீம்லைனர் பயிற்சி தருவதை எதிர்த்து ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் போராடினார்கள். பெயர்ப் பலகை ஒன்று, வீடு இரண்டு.

அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்த பிறகு நடந்த முதல் பெரிய பரீட்சை 2013ஆம் ஆண்டின் ஜெட்–எதிஹாட் வழக்கு. புறப்படும் ஊர், சேரும் ஊர் என்ற இணையை ஒரு சந்தையாகக் கொள்ளும் முறையைப் போட்டி ஆணையம் அதில் கையாண்டது. முறை தெளிவானது; இன்றும் அதுவே அடிப்படை. உறுப்பினர் அனுராக் கோயல் மாறுபட்டு எழுதிய தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஆணையின் தரம் புரியும். எதிர்வாதம் ஆவணத்திலேயே பதிவாகியிருப்பது ஓர் ஒழுங்குமுறை அமைப்பின் ஆரோக்கியம். (எதிஹாட் 24 விழுக்காட்டுக்குத் தர ஒப்புக்கொண்டது 2,058 கோடி. ஒன்பது ஆண்டுகள் கழித்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏர் இந்தியாவில் 25.1 விழுக்காட்டுக்கு அறிவித்ததும் 2,058.5 கோடி. தற்செயல்தான், ஆனாலும் கண்ணில் படுகிறது.)

இனி நம் காலத்து இணைப்பு. அது ஒரே நாளில் நடந்ததல்ல. 18,000 கோடி ரூபாய்க்கு டாடா ஏர் இந்தியாவை வாங்குவதற்கு 2021 டிசம்பரில் போட்டி ஆணையம் ஒப்புதல் தந்தது; 2022 ஜனவரி 27 அன்று நிறுவனம் கைமாறியது. ஏர் ஆசியா இந்தியாவை ஏர் இந்தியா முழுமையாக எடுத்துக்கொள்ள 2022 ஜூனில் இசைவு கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று விஸ்தாரா இணைப்பு அறிவிக்கப்பட்டது. 2023 ஜூனில் ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. செப்டம்பர் 1 அன்று, நிறுவனங்கள் தாமாக முன்வைத்த உறுதிமொழிகளுக்கு உட்பட்டு இசைந்தது. பிறகு சிங்கப்பூரின் போட்டி ஆணையம், சண்டிகரின் நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம், அந்நிய முதலீட்டு அனுமதி என்று ஒவ்வொன்றாக வந்தன.

இந்த வரிசையில்தான் முதன்மையான குறை இருக்கிறது. விஸ்தாராவின் 51 விழுக்காடு தொடக்கம் முதலே டாடாவுடையது, மீதி சிங்கப்பூர் ஏர்லைன்ஸுடையது. எனவே உள்நாட்டில் ஏர் இந்தியாவும் விஸ்தாராவும் எதிரெதிரே நின்ற காலம் 2022 ஜனவரி 27 அன்றே முடிந்துவிட்டது. கடுமையாக ஆராய வேண்டிய இடம் 2021 டிசம்பர். அந்த ஒப்புதலோ நிபந்தனை ஏதுமின்றி வந்தது. 2023இல் நோட்டீஸும் உறுதிமொழியுமாகக் கடுமை வந்தபோது பெரும்பகுதி கைமாறியிருந்தது. புதிதாகச் சேர்ந்தது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பங்கு மட்டுமே. ஒரு மூட்டையை மூன்று பையாகப் பிரித்துத் தராசில் வைத்தால் ஒவ்வொன்றும் இலேசாகத்தான் தெரியும். நான்கு நிறுவனங்கள் ஒரு குடையின் கீழ் வருவதன் மொத்த விளைவு என்ன என்ற கேள்வியை எந்த ஓர் ஆணையும் தன் மையக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆணையத்தின் தரப்பையும் உரிய எடையில் வைக்க வேண்டும். 2021இல் மறுபக்கம் இருந்தது விற்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் தேங்கிய ஓர் அரசு நிறுவனம். நொடிந்துபோகும் தொழில் என்ற அம்சத்தைச் சட்டத்தின் 20(4)ஆம் பிரிவே கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அன்று கடும் நிபந்தனை விதித்திருந்தால் விற்பனையே கலைந்திருக்கலாம். 2023 மே மாதம், விஸ்தாரா மனு பரிசீலனையில் இருக்கும்போதே, கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியது. சந்தை கண்முன்னே சுருங்கும்போது, விஸ்தாராவைத் தனியே நிற்கச் சொல்வது போட்டியைக் காப்பாற்றும் என்று யாரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. ஆகவே ‘அனுமதிக்கலாம்’ என்ற முடிவு சரியே. முடிவுக்குப் போன வழிதான் குறையுடையது.

காரணங்களைப் பொதுவில் வைத்த விதத்தில் வேறுபாடு இன்னும் துலக்கம். செப்டம்பர் 1 அன்று இந்திய ஆணையம் உலகுக்குச் சொன்னது ஏறக்குறைய ஒரே வாக்கியம். எந்த வழித்தடம், என்ன உறுதிமொழி என்பது அதில் இல்லை. 2024 மார்ச்சில் சிங்கப்பூர் ஆணையம் தந்த நிபந்தனை ஒப்புதல் நான்கு தடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது: சிங்கப்பூரிலிருந்து தில்லி, மும்பை, சென்னை, திருச்சி. அவற்றில் இருக்கைத் திறனைக் கோவிடுக்கு முந்தைய அளவுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும்; சரிபார்க்கத் தனித் தணிக்கையாளர் உண்டு. தங்கள் ஊரின் தடத்தில் என்ன வாக்குறுதி தரப்பட்டது என்பதைத் திருச்சிக்காரர்கள் சிங்கப்பூரின் அறிவிப்பில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

திருச்சி அந்தப் பட்டியலில் வந்ததற்குக் காரணம் நமக்குத் தெரிந்ததே. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஸ்கூட்டும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் அங்கே ஒரே பயணிக்காகப் போட்டியிட்டவை. மதுரை பட்டியலில் இல்லை. முறைப்படி பார்த்தால் அதுவும் சரி: மதுரை–சிங்கப்பூர் நேரடிச் சேவையைத் தந்துவந்தது எக்ஸ்பிரஸ், ஸ்கூட் மதுரையில் இறங்கியதில்லை. இருநாட்டு விமான ஒப்பந்தத்தில் மதுரை ஓர் அனுமதிக்கப்பட்ட நகரமாக இல்லாததால் இறங்கவும் முடியாது. இதை மதுரை வணிகர்கள் ஆண்டாண்டாகக் கேட்டு வருகிறார்கள். இரு நிறுவனங்கள் மோதாத தடத்தில் இழக்கப் போட்டியே இல்லை என்பது ஆணையங்களின் தர்க்கம்.

மதுரையை ஒட்டிய எங்கள் நாகமலை புதுக்கோட்டையில் அந்தத் தர்க்கம் நிற்காது. இங்கேயோ பல்கலை நகரிலோ செக்கானூரணியிலோ, பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வீடுகளில் கணக்கு இப்படித்தான் போகும்: மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடியிலிருந்து எக்ஸ்பிரஸில் ஏறினால் இவ்வளவு, வாடகைக் கார் பிடித்து மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை வழியாகத் திருச்சி போய் ஸ்கூட்டில் ஏறினால் இவ்வளவு. கார் வாடகையும் இரண்டரை மணி நேரமும் சேர்த்தும் திருச்சி மலிவாக இருந்தால் திருச்சிதான். அதாவது மதுரையின் கட்டணத்துக்குக் கடிவாளமாக இருந்தது திருச்சியில் நிற்கும் ஸ்கூட். அந்த ஸ்கூட்டின் உரிமையாளர் இப்போது எக்ஸ்பிரஸின் தாய் நிறுவனத்தில் கால்பங்குக்காரர். இரு விமான நிலையங்களையும் ஒரே சந்தையாக வரைந்திருந்தால் இந்த இழப்பு புலப்பட்டிருக்கும். மதுரையில் சேவையைக் குறைத்தாலும் எந்த உறுதிமொழியும் மீறப்பட்டதாகாது.

இருக்கைத் திறனை நிலைநிறுத்துவது என்ற பரிகாரமும் நடுத்தரமானதே. அது எண்ணக்கூடியது, கண்காணிக்கக்கூடியது. ஆனால் கட்டணத்தைத் தொடுவதில்லை, தேவை வளர்ந்தால் தானும் வளர்வதில்லை. கொரிய ஆணையம் கொரியன் ஏர்–ஆசியானா இணைப்பில் இருக்கை அளவோடு கட்டண உயர்வுக்கும் வரம்பு வைத்தது. 2025இல் வரம்பு மீறிய ஆசியானாவுக்கு அபராதமும் விதித்தது. ஐரோப்பிய ஆணையம் அதே இணைப்பில் நான்கு தடங்களை வேறொரு நிறுவனம் ஏற்று நடத்த வேண்டும் என்றது. இந்தியாவில் அப்படித் தடங்களையும் இறங்கு நேரங்களையும் பிரித்துக் கொடுத்தால் வாங்கும் வலு பெரும்பாலும் இண்டிகோவிடமே இருந்திருக்கும். நோயை விட மருந்து மோசமாகியிருக்கும். கட்டண வரம்புக்கு அப்படி ஒரு தடையும் இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2007இன் பாடத்தை நிர்வாகம் பாதி கற்றது; மாற்றத்துக்கு இரண்டு ஆண்டு எடுத்து, ஒரே குறியீட்டோடு ஒரே நாளில் முடித்தது. மறுபாதியைக் கற்கவில்லை: 2024 ஏப்ரலில் புதிய சம்பள அமைப்பை ஏற்காத விஸ்தாரா விமானிகள் விடுப்பெடுக்க, விமானங்கள் வரிசையாக ரத்தாயின, மே மாதம் எக்ஸ்பிரஸின் பணிப்பெண்களும் பணியாளர்களும் மொத்தமாக உடல்நலமில்லை என்றார்கள். போட்டி ஆணையம் சந்தையைப் பார்க்கிறது, தீர்ப்பாயம் பங்குதாரரைப் பார்க்கிறது, டிஜிசிஏ பாதுகாப்பைப் பார்க்கிறது. இணைப்பை அனுமதிக்கும்போது, பணியாளரின் சம்பளச் சிக்கலால் பயணி நடுவழியில் நிற்கக்கூடும் என்பதை இவர்களில் யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை.

இணைப்பின் ஆதரவாளர்கள் வைத்த வலுவான வாதம், இண்டிகோவைக் கட்டுப்படுத்த வலுவான இரண்டாவது நிறுவனம் வேண்டும் என்பது. இண்டிகோ இணைப்பால் வளரவில்லை, ஆகவே வாதத்தில் நியாயம் உண்டு. 2025 டிசம்பர் அதைச் சோதித்தது. விமானிகளின் பணிநேர விதிகளுக்குத் தயாராகாத இண்டிகோ ஆயிரக்கணக்கில் சேவைகளை ரத்து செய்தது. இரண்டாவது நிறுவனத்தால் அந்தச் சுமையை ஏற்க முடியவில்லை, கட்டணம் எகிறியது. 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று அமைச்சகமே உத்தரவு போட வேண்டி வந்தது; மதுரை–சென்னை அந்த வரம்புக்குள் வருவது. உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஒன்பது பேரை இரண்டே குழுமங்கள் சுமக்கும் சந்தையில் ஒன்று தடுமாறினால் மற்றொன்று மாற்றாக நிற்பதில்லை.

இங்கே எடைபோட்ட மூன்று ஒப்புதல்களில் 2021 டிசம்பருடையதே வலுக்குறைந்தது. 2023இன் இந்திய ஆணை முடிவில் சரி, வெளிப்படைத்தன்மையில் பலவீனம். சிங்கப்பூரின் ஆணை மூன்றிலும் நேர்த்தியானது, ஆனால் அதன் வரைபடம் திருச்சியோடு நின்றுவிட்டது. இருநாட்டு ஒப்பந்தத்தில் மதுரையைச் சேர்ப்பது போட்டி ஆணையத்தின் கையில் இல்லை, தில்லி அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. அந்த ஒரு வரி திருத்தப்பட்டால், இரண்டு ஆணையங்களின் உறுதிமொழிகளும் சேர்ந்து தராத பாதுகாப்பு பெருங்குடிக்குக் கிடைக்கும். ஸ்கூட்டுக்கு மட்டுமல்ல, ஏர் இந்தியாவில் பங்கில்லாத எந்தச் சிங்கப்பூர் நிறுவனத்துக்கும் கதவு திறக்கும்.