துண்டும் முல்லோயாவும்: மலையகத்திற் குற்றம் பற்றியதொரு நோக்கு

பொல்பிட்டிய முதல் அற்றன் வரையுள்ள தோட்டங்களிற் குற்றங்கள் நிகழ்வதற்குக் காவல் போதாமையே காரணமென்னும் கருத்து நம்மவர் எழுத்துக்களிலும் தலைகாட்டுகின்றது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. காவல் எத்துணை இருந்தது என்பதற்கு முன்னர், எதன்மேல் இருந்தது என்பதே வினாவாதல் வேண்டும்.

1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டகன்ற தொழிலாளி குற்றவாளியானான்; பிடியாணையும் சிறையும் அவனைத் தொடர்ந்தன. கடனைக் குறித்துத் துரை வழங்கும் துண்டின்றி வேறு தோட்டத்தில் வேலையும் இல்லை. 1921-22 ஆம் ஆண்டுகளில் இவை நீக்கப்படும் வரை, காவற்காரன் லயத்திற்கு வருவதென்றால் ஓடிப்போனவனைத் தேடி வருவதென்றே பொருள். களவுகொடுத்தவனும் அடிபட்டவளும் அவனிடம் முறையிடச் சென்றிலர் எனின் வியப்பென்ன? வழக்குகள் கங்காணியிடமும் கோயிற்றலைவரிடமும் சென்றன. இதனைச் 'சமூகக் கட்டுப்பாடு' எனப் புகழ்வாரும் உளர். கங்காணியே குற்றவாளியாயின் தீர்ப்புரைப்பார் யார் என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

வழக்குத்தொடுப்பில் எது முந்துவது என்னும் சிக்கலை முல்லோயா நிகழ்ச்சி தெளிவாகக் காட்டும். ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள அத்தோட்டத்தில், ஊதிய உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது 1940 சனவரி 10 ஆம் நாள் பொலிசாரின் சூட்டிற்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். அவர் இறப்பை ஆராய ஆணைக்குழு அமைந்தது; மறுபுறம், தொழிலாளர்மீது வழக்குகளும் நடந்தன. ஆணைக்குழுவின் விசாரணை முடியும்வரை அவ்வழக்குகளை ஒத்திவைக்கக் கோருமாறு உள்நாட்டமைச்சர் டி. பி. ஜயதிலக்க விடுத்த பணிப்பைப் பொலிஸ் மா அதிபர் பாங்ஸ் நிறைவேற்றவில்லை. தேசாதிபதி கல்டிகொட் மா அதிபரின் பக்கம் நின்றார். பெப்ரவரியில் அமைச்சர்கள் பதவி துறந்தனர்.

வரலாற்றாசிரியர் பலர் இதனை அரசியலமைப்பு நெருக்கடியாகவே வாசிப்பர். கோவிந்தன் அதில் ஓர் அடிக்குறிப்பாகிவிடுகின்றார். தனி வழக்குகளில் அமைச்சர் தலையிடலாகாது என்னும் கொள்கை நன்றே. அதனை நாமும் மறுக்கவில்லை. ஆயின், சுட்டவரும் வழக்கை நடத்துவோரும் ஒரே திணைக்களத்தவராயிருந்த இடத்தில், அக்கொள்கை நடுநிலையாகச் செயற்பட்டதெனக் கொள்வதெங்ஙனம்? 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில், நிலப் பறிப்பை எதிர்த்தோர்மீது பொலிசார் சுட்டதிற் சிவனு லெட்சுமணன் மாண்டபோதும் இவ்வினாவே எழுந்தது.

இன்று துண்டு இல்லை. பொல்பிட்டிய அடங்கும் அம்பகமுவப் பிரதேசம் 1999 இல் இருமொழி நிர்வாகப் பிரிவாக அறிவிக்கப்பட்டது. எனினும், கணவனால் அடிபட்ட கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி தன் முறைப்பாட்டைத் தமிழிற் சொல்ல, அது சிங்களத்தில் எழுதப்பட்டுத் தான் வாசிக்கவியலாத தாளிற் கையொப்பமிடும் நிலை மறைந்துவிடவில்லை. கசிப்புச் சோதனைக்கு லயம்வரை வரும் வாகனம் அவளது முறைப்பாட்டிற்கும் வருகின்றதா என ஆராய்வோர், நிலையங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் கணக்கிடுவோரினும் மிகச் சிலரே.