மாசு என்கிற மாசிலாமணி: சென்னையில் முகவரி இல்லாத பேய்கள்

'மாசு என்கிற மாசிலாமணி' 2015 மே 29 அன்று வெளியான தமிழ்ப் பேய் நகைச்சுவைத் திரைப்படம். எழுதி இயக்கியவர் வெங்கட் பிரபு. சூர்யா தந்தை, மகன் என இரு வேடங்களில் நடித்தார். நயன்தாரா, பிரணிதா, பார்த்திபன், சமுத்திரக்கனி, பிரேம்ஜி ஆகியோர் பிற முக்கியப் பாத்திரங்களை ஏற்றனர். இசை யுவன் சங்கர் ராஜா. 'மாஸ்' என்று அறிவிக்கப்பட்ட படம், கேளிக்கை வரிவிலக்கு கருதி வெளியீட்டுக்குச் சற்று முன்பு தமிழ்ப் பெயர் பெற்றது.

பின்னணி

இயக்குநர், இசையமைப்பாளர், பிரேம்ஜி மூவரும் தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரே குடும்பத்தினர். வெங்கட் பிரபுவின் தந்தை கங்கை அமரன் 'கரகாட்டக்காரன்' (1989) படத்தில் கிராமத்தையும் அதன் கலைஞர்களையும் காட்டினார். மகன் தன் முதல் படமான 'சென்னை 600028' (2007) தொட்டே நகரத்து இளைஞர்களின் கேலிப் பேச்சைக் கையாண்டார். 'மாசு' அந்தக் கேலிப் பேச்சைச் செத்தவர்களுக்கும் கொடுக்கிறது.

கிராமத்து நம்பிக்கையில் பேய்க்கு முகவரி உண்டு. புளியமரம், சுடுகாடு, ஊர் எல்லை என்று அதற்கு இடங்கள் இருக்கின்றன. அது யாருடைய ஆவி என்பதும் ஊருக்குத் தெரியும். கோடாங்கி உடுக்கடித்து அதைப் பேசவைத்து, கேட்டதைக் கொடுத்து அனுப்பிவைப்பார். கம்பம் பள்ளத்தாக்கின் சுருளியில் பூத நாராயணருக்குக் கோயிலே இருக்கிறது. நகரத்துப் பேய்க்கு இந்த ஏற்பாடு எதுவும் இல்லை.

கதையும் அதன் புதுமையும்

சென்னையில் ஏமாற்றிப் பிழைக்கும் மாசு ஒரு கார் விபத்தில் உயிர் தப்புகிறான். நண்பன் ஜெட் இறந்துவிடுகிறான். அதன்பின் மாசுவின் கண்ணுக்கு ஆவிகள் தெரிகின்றன. தங்கள் நிறைவேறாத ஆசைகளை முடித்துத் தரும்படி அவை அவனைச் சூழ்கின்றன. அவனோ அவற்றை விட்டு வீடுகளில் பயம் காட்டி, பேயோட்டுபவனாகப் போய்ப் பணம் பறிக்கிறான். விபத்துக்குப் பின் ஆவிகளைக் கண்டு, அவற்றை வைத்து மோசடி செய்யும் நாயகன் பீட்டர் ஜாக்சனின் 'தி ஃபிரைட்னர்ஸ்' (1996) படத்திலும் உண்டு.

'அரண்மனை' (2014), 'யாமிருக்க பயமே' (2014) போன்ற அக்காலப் பேய்ப் படங்கள் ஆவியை ஒரே கட்டடத்துக்குள் அடைத்தன. 'மாசு' அதை வெளியே கொண்டுவந்து, பகலிலும் நடமாடவிட்டு, மனுக்கொடுக்க வந்த பொதுமக்களைப்போலக் கூட்டமாக நிறுத்துகிறது. படத்தின் சிறந்த பகுதி இதுவே.

ஓர் ஒப்பீடு

காமெடி சென்ட்ரல் அலைவரிசையில் 2010 முதல் 2012 வரை 31 பகுதிகளாக ஒளிபரப்பான 'அக்லி அமெரிக்கன்ஸ்', பெரியவர்களுக்கான அனிமேஷன் தொடர். டெவின் கிளார்க் உருவாக்கியது. அதில் நியூயார்க்கில் மனிதர்களோடு ஜோம்பிகளும் பிசாசுகளும் மந்திரவாதிகளும் குடியிருக்கிறார்கள். நாயகன் மார்க் லில்லி, இவர்களை நகர வாழ்வில் இணைக்கும் அரசுத் துறையின் சமூகப் பணியாளர். அதே துறையின் இன்னொரு பிரிவு இவர்களைத் துரத்திப் பிடிக்கிறது. ரத்தமும் ஆபாசமும் பல இடங்களில் அளவு மீறினாலும், வந்தேறிகளை நகரம் எப்படி நடத்துகிறது என்ற கேள்வியைத் தொடர் கைவிடுவதில்லை.

மதிப்பீடு

'மாசு' படத்திலும் அந்தக் கேள்விக்கு இடம் இருந்தது. நாயகனின் தந்தை சக்தி, ஈழத் தமிழர், அநியாயமாகக் கொல்லப்பட்டவர். நாட்டையும் உயிரையும் இழந்து, கேட்க ஆளில்லாமல் நிற்கும் அவரும் முகவரியற்ற அந்த ஆவிகளும் ஒரே நிலையில் இருப்பவர்கள். ஆனால் படம் இந்த ஒற்றுமையைத் தொடர்வதில்லை. சக்தி வந்ததும் சிரிப்பு நின்று, வழக்கமான பழிவாங்கல் தொடங்குகிறது. மற்ற ஆவிகள் நாயகனின் வேலையாட்களாகச் சுருங்குகின்றன. ஈழம் என்பது சக்தியின் பேச்சுவழக்காகவும் இரக்கத்துக்கான காரணமாகவும் நின்றுவிடுகிறது; அகதியாக ஒருவர் இந்த மண்ணில் வாழ்வது எப்படி இருக்கும் என்பதற்குள் படம் செல்லவில்லை. வில்லன்கள் வீழ்ந்ததும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. கோடாங்கியின் முன்னால் ஆவி முதலில் தன் கதையைச் சொல்லி முடிக்கும். ஊர் உட்கார்ந்து கேட்கும். சக்திக்குப் பழி தீர்த்துக்கொடுத்த படம், அப்படிக் கேட்கும் பொறுமையை அவருக்குத் தரவில்லை.

இருந்தாலும், பேயை அச்சப் பொருளாக அல்லாமல் நகரத்தில் இடம் கேட்கும் குடிமகனாகப் பார்த்த முயற்சி என்ற வகையில், தமிழ்ப் பேய் நகைச்சுவைப் படங்களில் 'மாசு' தனித்துக் கவனிக்க வேண்டியது.