எங்களுக்குத் தெரியுமே

இன்ஜினியரிங் மூன்றாம் வருட விடுமுறையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லுக்கு ட்ரெயினிங் போனேன். கன்ட்ரோல் ரூம் சுவரில் லேமினேட் செய்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. அலாரம் எண், காரணம், செய்யவேண்டியது என்று மூன்று கட்டங்கள். 17 அடித்தது. தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கூலிங் வாட்டர் பிரஷர்!" என்று கத்தினேன். ஆப்பரேட்டர் அண்ணன் நாற்காலியை விட்டு எழவில்லை. "அது பழைய பேனலோட லிஸ்ட்டு தம்பி. இப்ப 17ன்னா லூப்ரிகேஷன்."

"அப்ப ஏன் மாத்தாம வெச்சிருக்கீங்க?"

"எங்களுக்குத் தெரியுமே."

அந்தத் தாள் தேவைப்படுவது புதிதாக வருபவனுக்கு மட்டும்தான். அது பழையது என்று தெரியாதவனும் அவன் ஒருவன்தான்.

இந்தக் காட்சியை எனக்குத் திரும்ப நினைவூட்டியது ஒரு நூல். ரஸ்ட் மொழியின் கம்பைலரை உருவாக்குகிறவர்களுக்காக, அவர்களே சேர்ந்து எழுதி வரும் 'ரஸ்ட்சி டெவ் கைடு'. அதில் பிழைகளை எப்படிக் கையாள்வது, எப்படிச் சொல்வது என்று விளக்கும் அத்தியாயங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இலக்கிய இதழில் இது எதற்கு என்று கேட்கலாம். பலர் எழுதி, எழுதும்போதே பழையதாகிக்கொண்டிருக்கும் உரைநடை இது. விமர்சனத்துக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

முதலில் பக்கத்து வீட்டைப் பார்த்துவிடுவோம். ரஸ்டில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு பிழை அகராதி இருக்கிறது. இ0382 போன்ற ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விளக்கம், கூடவே வேண்டுமென்றே தவறாக எழுதிய ஓர் உதாரணம். அந்த உதாரணம் அதே பிழையைத்தான் இன்னமும் தருகிறதா என்று கம்பைலரின் சோதனைகளே ஓடிப் பார்க்கும். தராவிட்டால் சோதனை தோற்கும். வழக்கொழிந்த எண்களையும் அழிப்பதில்லை. இ0001ஐத் தேடினால், இது இப்போது வருவதில்லை என்ற குறிப்போடு பழைய விளக்கம் அப்படியே இருக்கும். சிப்காட் தாளுக்கு இந்த ஏற்பாடு இருந்திருந்தால் நான் கத்தியிருக்க மாட்டேன்.

டெவ் கைடுக்கு அந்த வசதி கிடையாது. அது 'எப்படி', 'ஏன்' என்று பேசும் நூல். ஏன் என்பதை எந்த மெஷினும் ஓட்டிப் பார்க்காது.

ஓர் உதாரணம். கம்பைலர் உங்களிடம் ஒரு பிழையைச் சொன்னதும், உள்ளே ஒரு சீட்டு உருவாகிறது. 'இந்த ஆளிடம் ஏற்கெனவே சொல்லியாச்சு' என்பதற்கான அத்தாட்சி. அடுத்தடுத்த கட்டங்கள் அந்தச் சீட்டைப் பார்த்து, அதே தவறுக்கு இன்னும் பத்துப் பிழைகளைக் கொட்டாமல் வாயை மூடிக்கொள்ளும். முன்பு அதன் பெயர் 'எரர் ரிப்போர்ட்டட்'. கம்பைலரின் எந்தப் பகுதியும் அதைத் தானே அச்சடித்துக்கொள்ளலாம், உண்மையில் பிழையைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும். 2022இல் அந்த வழியை அடைத்து, பெயரையும் 'எரர் கேரண்டீட்' என்று மாற்றினார்கள். 'சொன்னேன்' என்பதற்கும் 'சொன்னது உறுதி' என்பதற்கும் உள்ள தூரம் அது. இப்போது ஆவணத்தில் என்ன மாற வேண்டும்? பழைய பெயரைத் தேடி மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஆனால், சீட்டை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்ற நினைப்போடு எழுதப்பட்ட ஒரு பத்தி இருந்தால், அதில் பெயர் மட்டும் புதிதாகும், பொருள் பழையதாகவே கிடக்கும். அது முழுப் பழசைவிட மோசம், இல்லையா?

இதற்கு டெவ் கைடு கண்டுபிடித்திருக்கும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. காலத்தோடு மாறக்கூடிய ஒன்றைச் சொல்லும்போது, 'இன்ன மாதம், இன்ன வருடத்தின்படி' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தேதிக்கு முன்னால், வாசகர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. மாதம் ஒருமுறை ஒரு சின்ன புரோகிராம் அந்தக் குறிகளைத் தேடி, ஆறு மாதம் தாண்டியவற்றைப் பட்டியல் போடும். யாராவது ஒருவர் உட்கார்ந்து அந்த வாக்கியங்களைத் திரும்பப் படிக்க வேண்டும். படித்து, சரிபார்த்து, அப்புறம் தேதியை மாற்ற வேண்டும்.

அங்கேதான் இடறுகிறது. தேதியை மாற்றுவது எளிது, படிப்பது கஷ்டம். ஃபேக்டரிகளில் தீயணைப்பு சிலிண்டரின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கும், மாதாமாதம் பார்த்ததாகக் கையெழுத்தோடு. பன்னிரண்டு கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும் அட்டைகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கம்பெனியிலும் இந்தத் தேதி முறையைக் கொண்டுவந்தோம். ஏழாவது மாதம் பார்த்தால், எரர் ஹேண்ட்லிங் பக்கங்களின் எல்லாத் தேதிகளும் ஒரே வெள்ளிக்கிழமை மாலையில் புதிதாகியிருந்தன. மாற்றியது நான்தான். ரிலீஸ் இருந்தது. அடுத்து வந்து சேர்ந்த பெண் அந்தப் பக்கத்தை நம்பி இரண்டு நாள் தொலைத்தாள். நானும், "அது பழசும்மா, எங்களுக்குத் தெரியும்" என்றுதான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று உறைத்தது.

டெவ் கைடில் நான் சிறந்ததாக நினைக்கும் பகுதி, மொழிபெயர்ப்பு பற்றிய அத்தியாயத்தில் இருந்தது. 2022இல் பிழைச் செய்திகளைப் பிற மொழிகளிலும் தருவதற்கான வேலையைத் தொடங்கினார்கள். செய்திகளை நிரலிலிருந்து பிரித்து, மொசில்லாவின் ஃப்ளூயன்ட் வடிவக் கோப்புகளில் வைப்பது திட்டம். தமிழில் கம்பைலர் பேசும் என்று நானும் கனவு கண்டேன். 'கடன் வாங்கிய மதிப்பை நகர்த்த முடியாது' என்பதையெல்லாம் எழுதிப் பார்த்த ஒரு நோட்டுகூட இருக்கிறது. பிறகு அந்த அத்தியாயத்தில் ஓர் எச்சரிக்கை ஏறியது, 2024 அக்டோபர் என்று தேதியிட்டு. இப்போதைய ஏற்பாடு பங்களிப்பவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது, மறுவடிவம் தேவை, ஆனால் அதற்கான முனைப்பான திட்டம் எதுவும் இன்று இல்லை என்பதே அதன் சாரம்.

தங்கள் சொந்த வேலையைப் பற்றி இப்படி எழுதிவைக்க ஒரு நேர்மை வேண்டும். பத்து நிமிடத்தில் படித்து முடித்து, நோட்டை மூடி வைத்தேன். ஏமாற்றம்தான். ஆனால் அந்தத் தேதி இல்லாமல், கீழே இருக்கும் படிகளை மட்டும் நம்பி இறங்கியிருந்தால், குறைந்தது ஒரு மாதச் சனி, ஞாயிறுகள் போயிருக்கும்.