தொப்பூர் இறக்கத்தில் இன்ஜின் சத்தம்

டீசல் லாரி இன்ஜின் மெதுவாகச் சுற்றி அதிக பாரம் இழுப்பதற்கென்றே அமைந்தது. பெட்ரோல் கார் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று வரை தாராளமாகப் போகும். லாரி இன்ஜின்களில் பல 2,400க்கும் 2,800க்கும் இடையிலேயே நின்றுவிடும். இங்கே தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்திச் சூடேற்றி, அதில் டீசலைப் பீய்ச்சி, அது ஆவியாகித் தானாகப் பற்ற வேண்டும். அதற்குச் சிறிது அவகாசம் தேவை. அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காக பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க் எல்லாமே கனமாகச் செய்யப்படுகின்றன. கனமான இரும்பை அளவுக்கு மீறிய வேகத்தில் ஆட்டும்போது நேர்வதுதான் ஓவர் ரேஸ்.

தமிழ்நாட்டு லாரிகளில் பல ஆண்டுகள் ஓடிய டாடா 697 இன்ஜினை எடுத்துக்கொள்ளலாம். பென்ஸ் வழியில் வந்த இன்ஜின். ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டன் 128 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். 2,400 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 10 மீட்டரைத் தாண்டுகிறது. அதே இன்ஜின் 3,600 சுற்றுக்குத் தள்ளப்பட்டால் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடும். ஆனால் பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில் ராட் போல்ட்டுகளை இழுக்கும் விசை இரண்டேகால் மடங்காகிவிடும். புகையை வெளியே தள்ளும் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இது மிக மோசம். எரியும் வாயுவின் அழுத்தம் மேலிருந்து எதிர்த்து அமுக்காததால், பிஸ்டனின் முழு இழுப்பையும் போல்ட்டுகளே தாங்க வேண்டியிருக்கிறது.

ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஓவர் ரேஸ் நேராமல் காக்க ஓர் ஏற்பாடு உண்டு. டீசலைப் பீய்ச்சும் மைகோ பம்பின் பின்புறம் உள்ள கவர்னருக்குள் சுழலும் எடைக்கட்டைகள், சுற்று கூடக்கூட விரிந்து, டீசல் அளவைக் குறைத்துவிடும். இயந்திரவியலின் அழகான சாதனங்களில் ஒன்று அது. மின்சாரமோ கணினியோ இல்லாமல், எடையும் ஸ்பிரிங்கும் மட்டும் ஒன்றையொன்று எதிர்த்து நின்று பல லட்சம் கிலோமீட்டருக்கு ஓர் இன்ஜினைக் காக்கின்றன. ஆனால் கவர்னர் கட்டுப்படுத்துவது டீசலை மட்டுமே. சக்கரம் இன்ஜினைச் சுழற்ற ஆரம்பித்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மேனுவல் கியர் வண்டியின் பெரிய ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது.

சேலம் சூரமங்கலத்திலிருந்து பெங்களூரு சாலையில் ஓமலூர், தீவட்டிப்பட்டி தாண்டினால் தொப்பூர் கணவாய். தர்மபுரிப் பக்கமிருந்து வரும் வண்டிக்குப் பாளையம்புதூர் தாண்டியதும் வளைவும் இறக்கமுமாகச் சாலை கீழே விழும். சங்ககிரி லாரிகளும் நாமக்கல் டேங்கர்களும் பாரத்தோடு இறங்கும் பாதை இது. விபத்துகளால் பெயர் கெட்ட பாதையும்கூட. டீசல் மிச்சமாகும் என்று நம்பி நியூட்ரலில் விடுவது இங்கே நெடுநாள் வழக்கம். அந்த நம்பிக்கை தவறானது. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் பம்ப் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமலிருக்க டீசல் போய்க்கொண்டேதான் இருக்கும்.

நியூட்ரலில் பிடிபடும் வேகத்தை பிரேக் மட்டும் அடக்க வேண்டும். டிரம் காய்ந்து விரிந்து, லைனிங் பிடிப்பு தளரும்போது, டிரைவரின் கை கியர் ராடுக்குப் போகிறது. அப்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். 10.00-20 டயர் அந்த வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 310 முறை சுற்றும். பின் ஆக்சில் விகிதம் 6 என்றால், நேர் விகிதமான டாப் கியரில் இன்ஜின் சுமார் 1,860 சுற்றில் இருக்கும், பாதகமில்லை. 2.5 விகிதமுள்ள மூன்றாம் கியர் விழுந்தால் இன்ஜினிடம் கேட்கப்படுவது சுமார் 4,650 சுற்று. கிளட்சை விட்டதும் முழு வண்டியின் எடையும் சேர்ந்து இன்ஜினை அந்தச் சுற்றுக்கு இழுக்கும்.

பழைய கியர்பாக்ஸ்கள் இதை எளிதில் அனுமதித்ததில்லை. சுற்று பொருந்தாவிட்டால் பல் கரகரத்துக் கியரே விழாது. சுற்றைத் தானே பொருத்தும் சிங்க்ரோமெஷ் வந்தபின் கை பாரம் குறைந்தது. ஆனால் தவறான கியரையும் அழுத்திப் பிடித்தால் உள்ளே தள்ளிவிட முடிகிறது. இதில் இன்னொரு கேடும் உண்டு. கிளட்சை மிதித்தபடி மூன்றாம் கியரில் இறங்கினால் இன்ஜின் ஐடிலில் அமைதியாக இருக்கும். கிளட்ச் பிளேட் மட்டும் சக்கரத்தோடு சேர்ந்து அந்த 4,650 சுற்றில் சுழலும். லைனிங் பிய்ந்து சிதற அது போதும். டிரைவருக்கு முன்னறிவிப்பாக ஒரு சத்தம்கூடக் கேட்காது.

நல்ல டிரைவரின் கலை இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வெளிப்பட்டுவிடுகிறது. மேடு முடியும் இடத்திலேயே வேகத்தைத் தணிக்கிறார். கிளட்ச், நியூட்ரல், கிளட்சை விடுதல், ஆக்சிலேட்டரில் ஒரு சின்னத் தட்டு, மறுபடி கிளட்ச், கீழ்க் கியர். டபுள் கிளட்ச் எனப்படும் இந்த ஐந்தாறு அசைவும் ஒரே மூச்சில் முடிகிறது. நடுவில் கொடுக்கும் ரேஸ் துளி குறைந்தால் பல் உரசும். துளி கூடினால் வண்டி குதிக்கும். சரியாக அமைந்தால் கியர் விழுந்ததே கைக்குத் தெரியாது. இன்ஜினின் குரல் மட்டும் ஒரு படி உயர்ந்து அங்கேயே நிலைக்கும். பழைய லாரிகள் பலவற்றில் சுற்றுகாட்டும் மீட்டர் கிடையாது. காதுதான் மீட்டர். ஏறின கியரில் இறங்கு என்பது தலைமுறை தலைமுறையாகக் கிளீனருக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம். பாரத்தையும் சரிவையும் ஒருசேரக் கணக்கில் எடுக்கும் விதி அது.

டீசல் இன்ஜினில் காற்றை மறிக்கும் தட்டு இல்லாததால் அதன் சொந்தத் தடை சற்றுக் குறைவு. அதற்காகவே எக்ஸாஸ்ட் பிரேக், புகைக்குழாயை மூடிப் பிஸ்டனுக்கு எதிர்ப்பு உண்டாக்குகிறது. சுற்று கூடக்கூடத்தான் அது நன்றாகப் பிடிக்கும் என்பதால், வரம்பை ஒட்டி, ஆனால் தாண்டாமல் இறக்க வேண்டியிருக்கிறது. குரல் ஏறத் தொடங்கியதும் ஒருமுறை பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுவார்கள். காலை பிரேக்கிலேயே வைத்துத் தேய்ப்பதில்லை.

சாலையோ கியரோ காரணமில்லாமலும் இன்ஜின் ரேஸ் பிடிக்கும். டர்போ சீல் போய் ஆயிலைக் காற்றுவழியில் தள்ளினாலும், பழைய ஆயில் பாத் ஃபில்டரில் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும், அந்த ஆயிலே எரிபொருளாகிவிடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. நின்றிருக்கும் மேனுவல் வண்டிக்கு ஒரு வழி உண்டு: பிரேக்கை இறுக மிதித்து, டாப் கியர் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு இன்ஜினைத் திணறடித்து அணைப்பது. தயங்கினால் சுற்று கைமீறிப் போய்விடும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து புதிய வண்டிகளில் டீசலை அளப்பது முழுக்கக் கணினிதான். கவர்னரைவிட நுட்பமாகச் சுற்றைக் கட்டுப்படுத்துகிறது. ஆனாலும் கையால் தவறான கியர் போட்டால் அதுவும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

ஓவர் ரேஸ் ஆன இன்ஜின் உடனே உடைய வேண்டுமென்பதில்லை. பல வண்டிகள் இறக்கத்தைத் தாண்டி ஊர் வந்து சேர்ந்துவிடும். ஐடிலில் டிக் டிக் என்று ஒரு சத்தம், ஒரு சிலிண்டரில் மிஸ்ஸிங், இவ்வளவுதான் வெளியே தெரிவது. ஹெட்டைக் கழற்றினால் காரணம் கண்ணெதிரே இருக்கும். வேகத்தில் ஸ்பிரிங் ஈடுகொடுக்காமல் வால்வு மூடத் தாமதிக்க, மேலே வந்த பிஸ்டன் அதைத் தட்டியிருக்கும். பிஸ்டன் தலையில் கரிக்கு நடுவே பளபளக்கும் பிறை வடிவ வடு அதன் அடையாளம். தேர்ந்த மெக்கானிக் புஷ் ராடுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பார்க்கிறார். வளைந்தது தத்தித் தத்தி உருளும். அதை மட்டும் மாற்றி மூடிவிடுவது அரைகுறை வேலை. இழுபட்ட ராட் போல்ட் வெளிப்பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். நீளத்தை அளந்தால்தான் தெரியும். அது பின்னொரு நாள் சமதளத்தில், சாதாரண வேகத்தில் அறுந்து, ராட் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதனால் பேரிங்குகளைத் திறந்து பார்ப்பதும், ஆயில் ஃபில்டரை வெட்டி உலோகத் துகள் இருக்கிறதா என்று தேடுவதும், ராட் போல்ட்டுகள் அத்தனையையும் புதிதாகப் போடுவதும் சேர்ந்ததே முழுமையான பழுதுபார்ப்பு.