புளியந்தோப்பிலிருந்து ஒரு வாசிப்பு: பென்னி வேரா-சான்சோவின் குடும்ப, நகர்ப்புற ஆய்வுகள்

ஆய்வுச்சுருக்கம்

சென்னையின் எளிய மக்கள் குடியிருப்புகளை 1990களின் தொடக்கத்திலிருந்து ஆராய்ந்துவரும் இலண்டன் பிர்க்பெக் கல்லூரி மானிடவியலாளர் பென்னி வேரா-சான்சோவின் ஆய்வுப்பணியை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. குடும்பம் பற்றிய அவருடைய முடிவுகளை வீட்டுவசதி பற்றிய விவாதத்தோடு இணைக்கவேண்டிய தேவையை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: குடும்பம், முதுமை, உழைப்பு, குடியிருப்பு, புளியந்தோப்பு.

முன்னுரை

உழைப்பாளர் வரலாற்றில் புளியந்தோப்பு 1921ஆம் ஆண்டின் வழியாகவே அறியப்படுகிறது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தையும் அதையொட்டி மூண்ட கலவரத்தையும் ஈமன் மர்ஃபி, திலீப் வீரராகவன் ஆகியோர் ஆராய்ந்துள்ளனர். இவ்வகை வரலாறுகளில் தொழிலாளர் பெரும்பாலும் ஆலைவாயிலில் நிற்கும் ஆணாகவே தோன்றுகிறார். அவருடைய வீடு பின்னணியாகிவிடுகிறது. 1996இல் ஆலை மூடப்பட்ட பின்னர் யாருடைய உழைப்பில் குடும்பங்கள் நிலைத்தன என்னும் வினாவுக்கு ஆலையின் வரலாறு மட்டும் விடைதராது. வேரா-சான்சோவின் எழுத்துகள் புளியந்தோப்பைப் பற்றியவை அல்ல. எனினும் இவ்வினாவைத் தொடுக்கும் முறையை அவை கற்பிக்கின்றன.

குடும்பம் என்னும் பேரம்

சென்னையின் இரு குடியிருப்புகளில் பால்நிலையையும் அதிகாரத்தையும் ஆராய்ந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு 1994இல் அமைந்தது. 1999இல் வெளிவந்த கட்டுரை, மாமியார் ஆள்வார், மருமகள் பணிவார் என்ற பொதுக்கருத்தை மறுத்தது. அவ்வுறவின் தன்மையைத் தீர்மானிப்பது மரபு மட்டுமன்று. குடும்பத்தின் பொருளியல் நிலையும் சூழலுமே என்பது அதன் வாதம். பிள்ளைகளின் ஆதரவு பற்றிய 2004ஆம் ஆண்டுக் கட்டுரை இதனை மேலும் கூர்மையாக்கியது. பெற்றோருக்கு உண்மையில் தேவை உண்டா, பிள்ளைக்குக் கொடுக்க இயலுமா என்ற இரண்டும் குடும்பத்துக்குள் ஓயாது வாதிடப்படுகின்றன. ஆகவே மகன் இருப்பது ஆதரவு இருப்பதற்குச் சான்றாகாது.

முதியோரின் உழைப்பு

2007 முதல் 2010 வரை குழுவினருடன் மேற்கொண்ட ஆய்வும் அதன்பின் வந்த எழுத்துகளும் அவருடைய பணியின் உச்சம் எனலாம். தெருவோரம் காய்கறி விற்கும் மூதாட்டியும் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு மருமகளை வேலைக்கு அனுப்பும் பாட்டியும் குடும்பத்தின் சுமைகள் அல்லர். நகரப் பொருளாதாரத்தைத் தாங்குவோர். 1962இல் தமிழகத்தில் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் ஆதரவற்றோரை மனத்திற்கொண்டது. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகள்மீது கடமையைச் சுமத்தியது. இரண்டும் முதியவரை வாங்குபவராகவே காண்கின்றன, கொடுப்பவராகக் காண்பதில்லை. வேரா-சான்சோவின் திறனாய்வு அரசியல் வலிமை பெறுவது இவ்விடத்தில்தான்.

வரம்பு

இங்கு எடுத்துக்கொண்ட எழுத்துகளில் குடும்பம் மாறிக்கொண்டேயிருக்கிறது. குடியிருப்போ பெரும்பாலும் நிலையான களமாக அமைகிறது. 1970இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) வீடு ஒதுக்கும்போது எது குடும்பம் என்பதையும் வரையறுக்கிறது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுகளைப் பற்றிய கேரன் கொயல்ஹோவின் ஆய்வுகளோடு சேர்த்துப் படிக்கும்போதே இப்பக்கம் துலங்கும்.

புளியந்தோப்பு கே.பி. பூங்கா அடுக்குமாடிக் குடியிருப்பில் 2021ஆம் ஆண்டு பூச்சு உதிர்ந்தபோது விவாதம் கட்டுமானத் தரத்தைச் சுற்றியே சுழன்றது. அது தேவையான விவாதமே. ஆனால் வாசலிலேயே கடைபோட்ட முதியவள் மேல்தளத்துக்குச் சென்றபின் எங்கே விற்பாள், அவள் வருவாய் நின்றால் மகனுடனான பேரம் எவ்வாறு மாறும் என்பனவும் வீட்டின் தரத்தைப் பற்றிய வினாக்களே.

முடிவுரை

குடும்ப ஆய்வும் குடியிருப்பு ஆய்வும் இருவேறு துறைகளாக நிற்கும்வரை இவ்வினாக்கள் இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப்போகும். குடும்பத்தை மரபாகக் கொள்ளாமல் உழைப்பின் ஏற்பாடாகக் கண்டது வேரா-சான்சோவின் கொடை. வீட்டையும் அவ்வாறே காண்பது வடசென்னையை ஆராய்வோர் முன்னுள்ள பணியாகும்.