வீடும் பள்ளியும் வாசலும்
‘பொற்கயிறு’ நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. கேள்வி எழும் இடம்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் பணியாற்றும் ஆயர்கள் இந்நாட்களில் ஒரு புதிய கேள்வியைச் சந்திக்க நேரிடுகிறது. ஜெபத்திலும் வேத வாசிப்பிலும் ஊன்றிய பெற்றோர் சிலர் ஆயரிடம் வந்து, “ஐயா, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிப்பிக்கலாம் என்றிருக்கிறோம், எங்களுக்காக ஜெபியுங்கள்” என்கின்றனர். கேட்பவர்கள் சோம்பேறிகளும் அல்லர். கல்வியை வெறுப்பவர்களும் அல்லர். பிள்ளைகளைக் கர்த்தருக்குள் வளர்க்க வேண்டும் என்னும் வாஞ்சையே அவர்களை இவ்வழியில் நடத்துகிறது. ஆகவே இதனை நகைத்துத் தள்ளுவதும் தகாது. ஆராயாமல் ஆசீர்வதிப்பதும் தகாது.

இத்தகைய குடும்பத்தின் அன்றாட வாழ்வில் அழகு உண்டு என்பதை முதற்கண் ஒப்புக்கொள்வோம். காலை ஜெபத்தோடு நாள் தொடங்குகிறது. சமையற்கட்டில் அரிசி அளக்கும்போதே கணக்குப் பாடம் நடைபெறுகிறது. சாரல் பருவத்தில் சிற்றாற்றங்கரையில் நடந்துகொண்டே மரங்களையும் பறவைகளையும் பிள்ளை பெயர் சொல்லி அறிகிறது. மணியோசைக்கு அஞ்சி ஓடுதலும் மதிப்பெண்ணுக்காக மனனம் செய்தலும் இல்லை. தந்தையும் தாயும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளையின் கேள்விகளுக்குப் பொறுமையோடு விடை கூறுகின்றனர். நம்முடைய ஞாயிறு பள்ளிகள் பலவற்றில் காணக்கிடைக்காத பொறுமை இது.

இம்முறை மேலைநாட்டில் இயக்கமாக வளர்ந்தது. சார்லட் மேசன் அம்மையார் 1886இல் வெளியிட்ட நூல் முதல், அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்பாரும் மூர் தம்பதியரும் 1981இல் தனித்தனியே வெளியிட்ட நூல்கள் வரை, அதற்குப் பெரிய இலக்கியமே உண்டு. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாக அது கூறுகிறது. வீட்டுப்பள்ளியைப் பெயர் சொல்லித் தடுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாகத் தேர்வு எழுதுவோரும் உளர். சட்ட ஆய்வு நம் நோக்கமன்று. வீட்டுப்பள்ளியை நாடும் விசுவாசிகள் பலமுறை சுட்டிக்காட்டும் முன்மாதிரி ஒன்று நம் மலையடிவாரத்திலேயே உள்ளது. அதனைப் பதிவுசெய்த நூலை நுணுகி நோக்கினால் நமக்கு வேண்டிய அளவுகோல் கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. ‘பொற்கயிறு’ காட்டும் குடும்பம்

தென்காசிக்குத் தெற்கே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது டோனாவூர். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவிற்கு வந்து, 1951 ஜனவரியில் மரிக்குமட்டும் தாய்நாடு திரும்பாமலே உழைத்தவர். 1901 மார்ச்சில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் அபாயத்திலிருந்த ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அன்று தொடங்கிய குடும்பத்தின் வரலாற்றை அவர் 1932இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். ‘பொற்கயிறு’ எனத் தமிழில் சொல்லத்தக்க தலைப்பை அதற்கு இட்டார்.

இந்நூலில் நம்மைக் கவர்வது அதன் உறவுச்சொற்களே. நிறுவனத்திற்கு உரிய மேலாளர், காப்பாளர் போன்ற பெயர்கள் இங்கு இல்லை. ஏமி ‘அம்மா’. உடனுழைக்கும் பெண்கள் ‘அக்காள்’, ‘சித்தி’, ஆண்கள் ‘அண்ணாச்சி’. திருநெல்வேலிச் சீமையின் வீட்டுப்பேச்சே ஓர் ஐக்கியத்தின் ஒழுங்காக மாறியது. பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு, அவர்கள் வந்து சேர்ந்த நாளே கொண்டாட்ட நாளாயிற்று. பெற்றோர் இன்னாரென்று அறியாத பிள்ளைக்கும் ‘நீ வந்த நாள் எங்களுக்கு மகிழ்ச்சியின் நாள்’ என்று சொல்லும் இவ்வழக்கத்தில் ஆழ்ந்த இறையியல் உண்டு. பிறப்பினால் அன்று, ஏற்றுக்கொள்ளப்படுதலினால் ஒருவர் குடும்பத்தினர் ஆகிறார் என்னும் சுவிகாரப் போதனையை (எபேசியர் 1:5) அக்குழந்தைகள் பலகாரத்தோடும் பூக்களோடும் கற்றனர்.

மற்றொன்றும் உண்டு. பிள்ளை தாயின் காலைக் கட்டும் என்பது நம்மவர் வழக்கு. ஊரூராய்ச் சென்று சுவிசேஷம் அறிவித்த ஏமி, குழந்தைகளைக் குளிப்பாட்டுவதற்காகத் தம் காலைக் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. இது அருட்பணியிலிருந்து இறங்குவதா என்னும் ஐயம் எழுந்தபோது, சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரிடமே (யோவான் 13) அவர் விடை கண்டார். உயர்ந்த பணி, தாழ்ந்த பணி என்னும் பிரிவினை நம் நாட்டில் சாதியோடு பிணைந்தது. துடைப்பதும் கழுவுவதும் தெய்வப்பணியே என்று ஒரு வீடு நாள்தோறும் நடைமுறையில் கற்பித்தது சிறிய காரியமன்று. 1916இல் அமைந்த ‘பொதுவாழ்வுச் சகோதரிகள்’ குழுவும் இக்கொள்கையின் கனியே.

3. நூலின் குறைகள்

ஆயினும் திறனாய்வாளர் புகழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. முதலாவது, இந்நூலில் பிள்ளைகளின் குரலை நாம் நேரே கேட்பதில்லை. எல்லாம் அம்மாவின் எழுதுகோல் வழியே வருகிறது. வளர்ப்பவர் எழுதிய வரலாற்றில் வளர்க்கப்பட்டவர் எப்பொழுதும் நன்றியுள்ளவராகவே தோன்றுவர். இன்றைய வீட்டுப்பள்ளி இலக்கியத்திற்கும் இக்குறை உண்டு. தாய் தந்தையர் எழுதுகின்றனர்; பிள்ளை என்ன நினைத்தது என்பதைப் பிள்ளை வளர்ந்து சொல்லும்வரை நாம் அறியோம்.

இரண்டாவது, வேலிக்குள் அமைந்த உலகம் தன்னிறைவு உள்ளதாகத் தன்னைக் கருதத் தொடங்கும். 1920களில் டோனாவூரில் சில காலம் தங்கி, கருத்து வேறுபாட்டால் பிரிந்துபோன இளைஞர் ஸ்டீபன் நீல், 1939இல் திருநெல்வேலிப் பேராயரானார். அப்பிரிவில் எவர் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புரைக்க வேண்டுவதில்லை. அன்பினால் கட்டப்பட்ட குடும்பமும் மாற்றுக் கருத்துக்கு இடம் தருவதில் இடர்ப்படும் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

மூன்றாவது, காப்பாற்றும் வீடு எத்துணை பரிசுத்தமானதாயினும், பிள்ளைகளை அபாயத்திற்குள்ளாக்கிய வழக்கத்தை அதனால் தனித்து ஒழிக்க இயலவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போன்றோர் பொதுமன்றத்தில் போராடியதன் பயனாகவே 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அவ்வம்மையாரும் பருவமெய்தியபின் வீட்டில் பயின்றவரே. பள்ளி வேண்டாமென்று அவர் வீட்டில் இருக்கவில்லை. பெண்ணுக்குப் பள்ளியின் கதவு அடைத்திருந்ததால் இருந்தார். கதவு திறந்தவுடன் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரிக்குள் நுழைந்தார்.

4. முன்மாதிரி எதற்கு?

இப்பொழுது நம் முதற்கேள்விக்குத் திரும்புவோம். டோனாவூர்க் குடும்பம் பிள்ளைகளைத் தன் வேலிக்குள்ளேயே கற்பித்தது உண்மை. ஆனால் அது யாருடைய பிள்ளைகளை? வீடு இல்லாதவர்களுக்கு வீடானது அக்குடும்பம். தன் பிள்ளையை அயலான் பிள்ளையிடமிருந்து பிரித்துக் காக்கும் குடும்பத்திற்கு அதனை முன்மாதிரியாகக் காட்டுவது வரலாற்றைத் தலைகீழாக வாசிப்பதாகும். இரு வீடுகளிலும் காலை ஜெபம் ஒன்றாயிருக்கலாம், பாடப்புத்தகமும் ஒன்றாயிருக்கலாம். வாசல் எத்திசையில் திறக்கிறது என்பதே வேறுபாடு.

நம் திருச்சபையின் பழைய இலக்கியமும் இதற்குச் சான்று. ஜான் தேவசகாயம் ஐயரின் மகளான அன்னா சத்தியநாதன் அம்மையார், 1860களின் தொடக்கத்திலேயே ‘நல்ல தாய்’ என்னும் நூலைக் கிறிஸ்தவத் தாய்மாருக்கென்று தமிழில் எழுதினார். இல்லத்தையே பிள்ளையின் முதற் கல்விக்கூடமாகக் கருதியவர், 1863இல் கணவரோடு சென்னைக்குச் சென்றபின் பெண்பள்ளிகளை நடத்தினார். வெளியே வர இயலாத இந்துப் பெண்களின் வீடுகளுக்குச் சென்று கற்பித்தார். நல்ல தாய் தன் வாசற்படியைத் தாண்டினாள்.

குற்றாலத்திற்கே உரிய சான்று ஒன்றும் உண்டு. ரசிகமணி டி.கே.சி. (1882–1954) தம் திருநெல்வேலி வீட்டில் ‘வட்டத்தொட்டி’ நடத்தியவர். பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்தபோதும் அவருடைய வீடு கம்பனைக் கற்பிக்கும் கல்லூரியாகவே இருந்தது. வந்தவர் எவராயினும் அங்கு மாணவர். கிறிஸ்தவர் அல்லாத ஒருவரின் வீட்டிற்கு இருந்த விரிவு கிறிஸ்தவ வீட்டிற்கு வேண்டாவா?

5. தென்காசியின் மண்ணில் ‘வீடு’

‘வீடு’ என்னும் சொல்லை மேலைநாட்டு நூல்கள் களங்கமற்ற சொல்லாக ஆளுகின்றன. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பகுதிகளில் பணியாற்றும் ஆயர் அவ்வாறு ஆள இயலாது. இங்கே வீடு பீடி சுற்றும் இடமும் ஆகும். பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்தல் என்றால், அவள் மடியில் பீடித்தட்டு ஏறுதல் என்றே நெடுங்காலம் பொருள். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி சுற்றுதலைத் தடைசெய்யப்பட்ட தொழில்களில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் வேலைக்கு விலக்கும் அளித்தது. வீடு என்னும் பெயரே பிள்ளைக்குப் பாதுகாப்பின்றிப் போவதற்கு வழியாயிற்று. ஆபத்தான தொழில்களில் அவ்விலக்கை நீக்க 2016ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிள்ளையைப் படிப்பிக்கும் பொருட்டு வீட்டில் வைக்கும் வசதியுள்ள விசுவாசியும், பசியினால் வீட்டில் வைக்கும் ஏழை விசுவாசியும் ஒரே ஆலயத்தில் முழந்தாளிடுகின்றனர். முன்னவர் செய்வதை மேடையில் புகழ்ந்துவிட்டுப் பின்னவரிடம் ‘பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள்’ என்று ஆயர் எந்த நாவினால் சொல்லுவார்?

இதனினும் கடுமையானது சாதி. பள்ளியில் கெட்ட சகவாசம் வந்துவிடும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அச்சம் வெறுங்கற்பனை அன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன்பயின்ற மாணவர்களே ஒரு தலித் மாணவனின் வீட்டிற்குள் இரவில் புகுந்து அவனையும் அவன் தங்கையையும் வெட்டினர். அதன்பின் அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. ஆயினும் கேட்போம்: அம்மாணவர்கள் சாதியை எப்பள்ளியில் கற்றனர்? 2022 செப்டம்பரில் நம் தென்காசி மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில், கடைக்கு வந்த தலித் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் இல்லையென்று மறுக்கப்பட்டது. ஊர்க் கட்டுப்பாடே காரணமாகச் சொல்லப்பட்டது. அக்கட்டுப்பாடு எந்தப் பாடநூலிலும் இல்லை. எவரோடு உண்ணலாம், எவரைத் தொடலாம், எவரை மணக்கலாம் என்னும் பாடங்களை நம் நாட்டில் முதலில் கற்பிப்பது வீடே. கிறிஸ்தவ வீடும் இதற்கு விலக்கன்று என்பதைத் திருமணப் பேச்சுகளில் உடனிருக்கும் ஆயர் நன்கு அறிவர்.

இப்பாடத்தைச் சிறிதேனும் கலைத்தது பள்ளிக்கூடம். சுரண்டையிலும் நல்லூரிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஆலயமும் பள்ளியும் அருகருகே நின்றன. பல ஊர்களில் உபதேசியாரே வாத்தியார். 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்காரவைத்தது. குறைகள் பல இருப்பினும், அவ்வரிசை கர்த்தருடைய பந்திக்கு அயலானதன்று. அதிலிருந்து நம் பிள்ளையை மட்டும் எழுப்பி அழைத்துச் செல்லுமுன் நாம் நடுங்க வேண்டும்.

6. திருமறையின் வாசல்

வீட்டுப்பள்ளிக்கு ஆதரவாக முதலில் எடுத்துக்காட்டப்படுவது உபாகமம் 6ஆம் அதிகாரம். பெற்றோர் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அங்குத் தெளிவு. ஆனால் வீட்டில் இருக்கும்போது மட்டுமன்றி வழியில் நடக்கும்போதும் பேச வேண்டும் என்கிறது அப்பகுதி. கட்டளையை எழுதச் சொல்லும் இடங்களோ நிலைக்கால்களும் வாசல்களும். வீடு தெருவைச் சந்திக்கும் இடத்திலேயே வசனம் எழுதப்படுகிறது. தீமோத்தேயு பாட்டியிடமும் தாயிடமும் விசுவாசத்தைப் பெற்றார் (2 தீமோத்தேயு 1:5). நாசரேத்து வீட்டில் வளர்ந்த இயேசுவோ 12 வயதில் போதகர் நடுவே உட்கார்ந்து, கேட்டும் வினவியும் கொண்டிருந்தார் (லூக்கா 2:46).

சீர்திருத்தத் தந்தையின் நிலையும் இதுவே. மார்ட்டின் லூத்தர் 1529இல் குடும்பத் தலைவருக்கென்று சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அவரே 1524இல் நகரசபையாருக்கு எழுதிப் பொதுப்பள்ளிகளை நிறுவுமாறு வற்புறுத்தினார். 1530இல் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்திவைக்குமாறு பெற்றோருக்கும் அறிவுறுத்தினார். வீட்டுக்கு ஞானோபதேசம், ஊருக்குப் பள்ளி என்னும் இரண்டையும் அவர் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதவில்லை.

7. ஆயர் செய்யத்தக்கது

ஆகவே, வருகிற பெற்றோரைக் கடிந்து அனுப்புதல் வேண்டா. அவர்களுடைய முறையீட்டில் நம் பள்ளிகளின் மீதான நியாயத்தீர்ப்பு உள்ளது. பிரம்படி, மதிப்பெண் வெறி, கையில் கட்டும் சாதிக் கயிறு ஆகியவற்றைப் பள்ளி நிர்வாகத்தில் பங்குடைய திருச்சபையே முதலில் எதிர்கொள்ள வேண்டும். உடற்குறையினாலோ கொடுமையினாலோ பள்ளியில் நிலைத்திருக்க இயலாத பிள்ளைக்கு வீடே அடைக்கலமாகும் காலமும் உண்டு. அங்கே ஆயர் பெற்றோருக்குத் துணைநிற்க வேண்டும்.

மற்றவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். நாள் முழுவதும் கற்பிக்கும் சுமையைத் தாய் ஒருத்தியே சுமக்கிறாளா, தந்தையும் சுமக்கிறாரா? வேறு சாதிப் பிள்ளை எவரேனும் உங்கள் பிள்ளையோடு வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து உண்கிறதா? உங்கள் வீட்டுப் பாட நேரத்தில் அயல்வீட்டுப் பிள்ளைக்கு இடம் உண்டா?

மூன்றாம் கேள்வி இயலாத காரியத்தைக் கேட்பதன்று. பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்தபோது, 2021இல் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் வீட்டுத் திண்ணையிலும் மரத்தடியிலும் தெருப்பிள்ளைகளைக் கூட்டி மாலையில் கற்பித்தனர். விசுவாசக் குடும்பத்தார் தங்கள் பொறுமையையும் புத்தகங்களையும் அவ்வாறே மாலை ஐந்து மணிக்குத் தெருவிற்குத் திறந்துவைப்பாராயின், பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு வரும் பெண்பிள்ளை அங்கே முதல் வரிசையில் இடம் பெறட்டும். தங்கள் பிள்ளை காலையில் பள்ளிக்குச் செல்லட்டும். மாலையில் தன் வீட்டுப் பள்ளியில் அப்பெண்ணருகே உட்காரட்டும். இறையியல் மாணவர் தம் களப்பணிக் காலத்தில் ஒரு சேகரத்திலாவது இதனை முயன்று பார்த்து, கண்டதை இவ்விதழில் எழுதுவார்களாக.