‘செறெண்டிப்பிற்றஸ்’: ஒரு பெயரடையின் வரலாறும் வழக்கும்

ஆங்கிலப் பெயரடைகளுள் ‘செறெண்டிப்பிற்றஸ்’ என்பது அருகியே வழங்குவதொன்று. தேடாத நற்பொருளைத் தற்செயலாய்க் கண்டடையும் தன்மையை அது குறிக்கும். அச்சொல்லின் வேர் நம் நாட்டுப் பழம்பெயரொன்றிலே கிடத்தல் அறிந்து மகிழத்தக்கது.

அராபியர் இலங்கையைச் ‘சரந்தீப்’ என அழைத்தனர். ‘சிம்ஹளத்வீபம்’ என்னும் வடசொல்லின் திரிபே அதுவென்பர் அறிஞர். சரந்தீப்பின் இளவரசர் மூவரைப் பற்றிய கதைநூலொன்று 1557 ஆம் ஆண்டில் வெனிஸ் நகரிலே இத்தாலிய மொழியில் வெளியாயிற்று; பின்னர்ப் பிரெஞ்சு வழியாக 1722 இல் ஆங்கிலத்திலும் வந்தது. அக்கதையை முன்னர்ப் படித்திருந்த ஹொறஸ் வால்ப்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர், 1754 ஆம் ஆண்டு சனவரி 28 இல் தம் நண்பர் ஹொறஸ் மானுக்கு எழுதிய கடிதத்திலே ‘செறெண்டிப்பிற்றி’ என்னும் பெயர்ச்சொல்லைப் படைத்தார். பெயரடையோ 20 ஆம் நூற்றாண்டிலேயே வழக்கிற்கு வந்தது.

ஈண்டுக் கருதத்தக்கது யாதெனின், வால்ப்போல் தற்செயலை மட்டும் கூறினாரல்லர். கூர்த்த மதியையும் உடன் வைத்தார் என்பதே. வழியோரப் புல் ஒரு பக்கத்தில் மட்டும் மேயப்பட்டிருத்தலைக் கண்டு, முன்னே சென்ற விலங்கிற்கு ஒரு கண் குருடென இளவரசர் உணர்ந்தமையை அவர் உதாரணமாகக் காட்டினார். மூலக்கதையில் ஒட்டகமாயிருந்த அவ்விலங்கு, அவர் கடிதத்திலே கோவேறு கழுதையாயிற்று. தமிழில் வழங்கும் அலகேசன் கதையிலும் இளைஞர் நால்வர், காணாமற்போன ஒட்டகமொன்றின் குறைகளை அதன் சுவடு முதலியன கொண்டே உரைக்கின்றனர். இருவிடத்தும் புகழ் பெறுவது அறிவேயன்றி நல்லூழன்று.

இக்காலத்தார் பலர் எதிர்பாராத நற்பேறு எதனையும் இப்பெயரடையாற் சுட்டுகின்றனர். வீதியிலே பணப்பையைக் கண்டெடுத்தலுக்கும் இதனைச் சூட்டுதல் பொருந்துமோ? 1928 இல் அலெக்சாண்டர் பிளெமிங்கின் ஆய்வுத் தட்டிலே பூஞ்சணம் படிந்தது தற்செயல். அதனைச் சூழ்ந்த நுண்கிருமிகள் அழிந்திருத்தலை நோக்கி, அதன் காரணத்தை ஆராய்ந்தது மதி. மதியில்லாவிடின் அத்தட்டுக் கழுவப்பட்டதோடு கதை முடிந்திருக்கும். இரண்டும் கூடியமையாலன்றோ பெனிசிலின் வெளிப்பட்டது? இத்தகைய கண்டுபிடிப்பிற்கே இப்பெயரடை உரியது.

சொற்கள் பொருள் விரிதல் மொழியின் இயல்பே. ஆயினும், இச்சொல்லினின்று மதியை நீக்கினால் எஞ்சுவது ‘அதிட்டமுள்ள’ என்னும் பொருளே. அதனையுணர்த்த ஆங்கிலத்திலே வேறு சொற்கள் பல உள. தற்செயலையும் மதியையும் ஒருங்குணர்த்தும் சொல்லோ கிடைத்தற்கரிது. ஆதலின், மாணாக்கர் இதனை எழுதுமுன், கண்டது யாது என்பதோடமையாது, அதனைக் கண்டுணர்ந்தது எவ்வாறு என்றும் வினவுவாராக.